குத்துவிளக்கு, பொன்னாடை, சிவப்புப் பொட்டு – ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவின் கதை

ஓர் ஊரில் உள்ளூர் ஓவியர் ஒருவரின் கண்காட்சி தொடங்குகிறது என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாலை ஐந்தரை மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்பார்கள், ஆறேகால் மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். குத்துவிளக்கின் ஐந்து முகங்களையும் ஆளுக்கொன்றாக ஏற்றுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். விருந்தினர் "எனக்கு ஓவியத்தைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசுவார். அதற்குள் டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும். இத்தனையும் முடியும்வரை படம் வரைந்தவர் ஒரு தூணோரமாக நின்று, யாராவது படத்தைப் பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருப்பார்!

வேடிக்கையாகத் தோன்றினாலும் இந்தச் சடங்குக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில், அதிலும் கோவை-திருப்பூர்ப் பக்கத்தில், அந்த வரலாறு துணியோடு பின்னிக் கிடக்கிறது.

படங்களைக் கூடி நின்று பார்ப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. பரிபாடலின் 19ஆம் பாடலில் (நப்பண்ணனார் பாடியது) திருப்பரங்குன்றத்துக்கு வந்த மக்கள் அங்கே தீட்டப்பட்டிருந்த ஓவியங்களைப் பார்க்கும் காட்சி வருகிறது. இவர்கள் காமனும் இரதியும், இவன் பூனையான இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று கேட்பதும் சொல்வதுமாக இருக்கிறார்கள். விருந்தினர் இல்லை, பேச்சு இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். இன்றைய கண்காட்சிகளில் இல்லாமல் போனது இந்தக் கேள்வி கேட்கும் துணிச்சல்தான் என்று தோன்றுகிறது. கூடத்துக்குள் நுழைந்தவுடன் எல்லோரும் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டுகிறார்கள். கோயில் சிலைக்குச் சிற்பி கடைசியாகக் கண் திறப்பதும் ஒரு வகையில் திறப்பு விழாதான். ஆனால் அது தெய்வத்துக்கான சடங்கு, சிற்பிக்கான விழா அல்ல.

ஓவியனுக்காக என்று ஒரு திறப்பு நாள் ஏற்பட்டது ஐரோப்பாவில். பாரிஸில் 1667இல் தொடங்கிய 'சலோன்' கண்காட்சி 1737 முதல் பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்துவிடப்பட்டது. லண்டனில் ராயல் அகாடமியின் ஆண்டுக் கண்காட்சி 1769இல் ஆரம்பித்தது. பொதுமக்கள் வருவதற்கு முன்பு ஓவியர்கள் வந்து, சுவரில் மாட்டிய படங்களுக்குக் கடைசியாக வார்னிஷ் பூசிக்கொள்வார்கள். அந்த 'வார்னிஷ் நாள்' மெல்ல மெல்லப் பெரிய மனிதர்களும் நண்பர்களும் கூடும் நாளாக மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கண்காட்சித் திறப்பை 'வெர்னிசாஜ்' என்றுதான் அழைக்கிறார்கள். அதாவது, வார்னிஷ் பூசுதல்!

1832இல் அப்படி ஒரு நாளில் நடந்த சம்பவம் பிரசித்தம். கான்ஸ்டபிள் என்ற ஓவியர் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாவைப் பல வருடம் பாடுபட்டு, செக்கச்செவேலென்று தீட்டி மாட்டியிருந்தார். பக்கத்தில் டர்னரின் சாம்பல் நிறக் கடல் படம் மங்கலாகத் தொங்கியது. டர்னர் வந்தார், பார்த்தார். தன் கடலின் நடுவே சிவப்பில் ஒரு சிறிய பொட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். பார்த்தவர்கள் கண்ணெல்லாம் அந்தப் பொட்டில்தான். பிறகு அதை ஒரு மிதவையாக மாற்றினார் என்பது தனிக்கதை. இன்று கண்காட்சிகளில் விற்றுப்போன படத்தின் ஓரத்தில் ஒட்டும் சிவப்புப் பொட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் திறப்பு விழா முடியும்போது எத்தனை படங்களின் ஓரத்தில் பொட்டு இருக்கிறது என்பதில்தான் ஓர் ஓவியரின் வீட்டு வாடகை அடங்கியிருக்கிறது.

இந்த வழக்கம் வெள்ளைக்காரர்களோடு சென்னைக்கு வந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம் அதுதான். ஓவியரை உருவாக்குவதைவிட நல்ல கைவினைஞரை உருவாக்குவதே அந்தக் காலத்தில் நோக்கமாக இருந்தது. அக்காலக் கண்காட்சிகளைத் துரைமார்கள் திறந்துவைத்தார்கள். ரவிவர்மா பெயர் பெற்றதும் அப்படிப்பட்ட கண்காட்சிகளின் வழியாகத்தான். நல்ல படம் எது என்று சொல்லும் அதிகாரம் திறந்துவைத்தவரிடமே இருந்தது.

அதை ஓவியர்கள் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ள முயன்றது 1944இல், சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் அமைந்தபோது. அதன் நடுநாயகமாக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். மலையாளக் குடும்பம் என்றாலும் அவர் பிறந்தது கோயம்புத்தூரில், 1911இல். கலைப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தார். (மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர்தான் ராய் சௌத்ரி.) 1957இல் அதே பள்ளிக்கு முதல்வரும் ஆனார்.

முதல்வரானதும் பணிக்கரை உறுத்திய கேள்வி மிகச் சாதாரணமானது. படிப்பு முடித்த மாணவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? கண்காட்சி வைக்கலாம், விளக்கேற்றலாம், பத்திரிகையில் நாலு வரி வரலாம். படம் வாங்கத்தான் ஆள் கிடையாது. சென்னையில் அன்று ஓவியம் வாங்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நன்றாக வரையக்கூடியவர்கள் குமாஸ்தா வேலைக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் போய்த் தூரிகையை மறந்துகொண்டிருந்தார்கள். ஒரு தலைமுறையே வீணாகிவிடும் என்ற நிலை.

அதற்கு விடையாகக் கிடைத்தது துணி! குறிப்பாக, பத்திக். துணியின் மேல் உருக்கிய மெழுகால் கோலம் எழுதுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்தால் கோலம் வெள்ளையாக நிற்கும். இரண்டாம் நிறம் வேண்டுமானால் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். சாயம் சூடாக இருக்கக்கூடாது, மெழுகு கரைந்துவிடும். மடிப்பில் மெழுகு வெடித்த இடத்தில் மட்டும் நூல் போலச் சாயம் உள்ளே ஓடி, நரம்பு மாதிரி கோடுகள் விழும். இந்தோனேசியாவின் ஜாவா தீவு இதற்குப் பேர்போனது. இலங்கையிலும் நன்றாக வேரூன்றியது.

1960களின் தொடக்கத்தில் பணிக்கரின் மாணவர்களும் இளம் ஓவியர்களும் கலைஞர்கள் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, பத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து கண்காட்சியாக வைத்து விற்றார்கள். ஓவியத்துக்குக் கூடாத கூட்டம் துணிக்குக் கூடியது. சுவரில் மாட்டும் படத்துக்குப் பணம் தரத் தயங்கியவர், அதே ஓவியர் அதே கையால் வரைந்த துணியைத் தயங்காமல் வாங்கினார். சுவருக்கு எதற்குச் செலவு என்று நினைக்கும் குடும்பம்கூட உடுப்புக்குச் செலவு செய்யுமல்லவா!

அந்தத் துணி விற்ற காசில்தான் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலை ஒட்டிய சவுக்குத் தோப்பில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. பெயரையும் கவனியுங்கள். சோழமண்டலக் கரை என்பதுதான் ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆனது. அந்தக் கரைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்ததே அங்கிருந்து கப்பலேறிய சாயத் துணிகள்தான்.

நாளில் கொஞ்ச நேரம் கைவினை, மீதி நேரம் ஓவியமும் சிற்பமும் என்பது ஏற்பாடு. அரசாங்கத்தின் மானியத்தை எதிர்பார்த்து உட்காராமல், தங்கள் குடிசைகளையும் பட்டறைகளையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கண்காட்சிக் கூடமும் அவர்களுடையதே. இதுதான் முக்கியம். கூடம் தன்னுடையதாக இருக்கும்போது, யார் விளக்கேற்ற வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பணிக்கர் 1967இல் பதவியிலிருந்து விலகி அங்கேயே வந்துவிட்டார், 1977இல் இறந்தார். எல்லோருக்கும் அங்கு வாழ்க்கை சுகமாக அமைந்துவிடவில்லை. மை கொண்டு கனவுலக நகரங்களை வரைந்த கே. ராமானுஜம் 1973இல், முப்பத்து சொச்சம் வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அவர் படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

துணி காப்பாற்றியது சோழமண்டலத்துக்காரர்களை மட்டும் அல்ல. 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் மத்திய அரசு நெசவாளர் சேவை மையங்களைத் திறந்தது. கைத்தறிக்குப் புதிய டிசைன் வரைய ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். கே.எம். ஆதிமூலம் (1938-2008) சென்னை மையத்தில் வேலை பார்த்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகளும் தெரிந்தவர்களுக்கு, அவர் சம்பளம் சேலைக் கரையிலிருந்தும் வந்தது என்பது தெரியாமல் இருக்கலாம். சென்னையின் நவீன ஓவியத்துக்கு அரண்மனையோ பெரும் வியாபாரிகளோ ஆதரவு தந்ததைவிட நூலும் சாயமும் தந்த ஆதரவு அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

சரி, துணி இத்தனை செய்தது என்றால், துணியே உயிராக இருக்கும் கொங்கு நாட்டில் என்ன நடந்தது?

கோவையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மில்களுக்கான ஆராய்ச்சி நிறுவனமான 'சிட்ரா' 1956இல் அமைந்தபோது அதை முன்னின்று நடத்தியவர் கஸ்தூரி சீனிவாசன். பஞ்சு, நூல், தறி பற்றிய விஞ்ஞானம் அவர் தொழில். ஆனால் ஆங்கிலத்தில் கவிதையும் நாவலும் எழுதினார், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், பத்மபூஷண் பெற்றார். அவர் பெயரால் அவினாசி சாலையில் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது. அதே வளாகத்தில் ஒரு நெசவு அருங்காட்சியகமும் உண்டு! ஒரு பக்கம் இராட்டையும் தறியும், மறு பக்கம் கான்வாஸ். உள்ளூர் ஓவியர்கள், ஓவிய ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பலரின் முதல் கண்காட்சிக்குக் குத்துவிளக்கு ஏற்றப்பட்ட இடம் அது. பெரிய நகரங்களின் காலரிகளில் முதல் கண்காட்சிக்கு இடம் கேட்டுப் போனால் வாசல்காரரைத் தாண்டுவதே கஷ்டம். பக்கத்திலேயே ஒரு கூடம் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

கோவையின் உள்ளூர் ஓவியர் என்பவர் பெரும்பாலும் கல்லூரியில் படித்து வந்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். சினிமா பேனர், கடைப் பலகை, சுவர் விளம்பரம் என்று ஏணி மேல் நின்று கற்றவர்கள் அவர்கள். அறுபது அடி உயரத்துக்கு முகம் வரைந்த கைகளுக்கு, 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போயிற்று. அந்தப் பேனர் உலகத்திலிருந்து வந்த ஓவியர் ஜீவா, கோவை சித்ரகலா அகாடமியோடு நெடுங்காலம் இணைந்து இயங்கியவர். சினிமா பற்றி அவர் எழுதிய 'திரைச்சீலை' நூல் 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு பெற்றது. பேனர் வரைபவர் ஓவியரா என்ற கேள்வியைக் கண்காட்சிக் கூடத்துக்குள் வைத்தே தீர்த்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

அதே அவினாசி சாலையில் கிழக்கே போனால் திருப்பூர். 1920களில் பனியன் கம்பெனிகள் முளைத்த ஊர், 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிய ஊர். திருப்பூர் என்றவுடன் ஓவியக் கூடம் யாருக்கும் நினைவுக்கு வராது. நிறம் என்றாலே அங்கு வேறு அர்த்தம். நொய்யலில் ஓடிய சாயக் கழிவு சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலுக்குப் பொருளாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது.

ஆனால் தினமும் படம் வரைந்துகொண்டிருக்கும் ஊர் எது என்று பார்த்தால், அதில் திருப்பூரை மிஞ்சுவது கடினம். டி-ஷர்ட்டின் மார்பில் வரும் புலி, பூ, பொம்மை எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தவை. முன்பு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஃபிலிமில் கையாலேயே மை வைத்து வரைந்தார்கள். எட்டு நிறம் என்றால் எட்டு ஃபிலிம், எட்டு ஸ்கிரீன். நூலிழை அளவு நகர்ந்தால்கூட புலியின் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும்! இப்போது அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனாலும் எந்த நிறம் முதலில், எது மேலே என்று முடிவு செய்ய ஓவியக் கண் வேண்டும். பத்திக் துணியில் சோழமண்டலத்து ஓவியர் போட்ட அதே கணக்குதான் இது.

வேற்றுமை ஒன்றே ஒன்று. சோழமண்டலத்தார் துணியை விற்று அந்தப் பணத்தில் தங்கள் பெயர் போட்ட படத்துக்குச் சுவர் வாங்கினார்கள். பிரிண்டிங் பட்டறையில் வரைபவரின் படத்தில் அவர் பெயர் இருக்காது. அவருக்கும் ஒரு திறப்பு விழா உண்டு: மாதிரித் துணியில் முதல் பிரிண்ட் அடித்து, 'ஸ்ட்ரைக்-ஆஃப்' என்று சொல்லி பையருக்கு அனுப்பும் நாள். விளக்கு இல்லை, பொன்னாடை இல்லை. சரி என்று பதில் வந்தால் லட்சம் பீஸ் ஓடும், படம் கப்பலேறி ஐரோப்பாவில் லட்சம் பேர் மார்பில் நடமாடும். பிடிக்கவில்லை என்றால், சிவப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மெயில் வரும்.