யார் போய்ச் சொல்வது?

பால்காரரை மாற்றுவது என்று வீட்டில் தீர்மானமாகி விட்டால், புதிய பால்காரரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல. பழையவரிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் பெரிய காரியம். அவரிடம் கொடுத்து வைத்த முன்பணம், மாதக் கணக்கில் நிற்கும் பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக நாளைக் காலைக் காப்பிக்குப் பால் உண்டா இல்லையா என்கிற பயம். இந்த மூன்றுக்கும் அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் தண்ணீர்ப் பாலுடன் வருஷக் கணக்கில் காலம் தள்ளுகின்றன.

பிரிட்டனில் ஜனங்கள் வீட்டு இன்டர்நெட் கம்பெனியை மாற்றிக் கொள்ளப் பட்ட பாட்டைப் படித்தபோது, இந்தப் பால் விவகாரம்தான் என் மனத்தில் வந்து நின்றது. கட்டணம், தாமதம், ஒப்பந்தம் என்று அந்தச் சரித்திரத்தில் கிளைகள் பல. ஆணிவேர் ஒன்றுதான். பழைய கம்பெனியிடம் யார் போய்ச் சொல்வது? இதற்கு ஒரு முடிவு கட்ட அந்தத் தேசத்துக்குப் பதினேழு வருஷம் பிடித்தது.

மாற்றுவது என்ற பேச்சே இல்லாத காலமும் அங்கே இருந்தது. 1912-ல் பிரிட்டிஷ் தபால் இலாகா நாட்டின் டெலிபோன்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தன் வசம் எடுத்துக் கொண்டது. ஹல் நகரம் மட்டும் தன் நகரசபை டெலிபோனைப் பிடிவாதமாகக் கடைசி வரை வைத்துக் கொண்டது. யுத்தத்துக்குப் பிறகு, டெலிபோன் வேண்டுமென்று மனுப் போட்டவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கு ஒரே கம்பி என்ற ஏற்பாடும் சகஜம். நம் ஊரில் மனுப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகையால் பிரிட்டிஷார் மேல் எனக்குத் தனியாக இரக்கம் ஏதும் பிறக்கவில்லை.

1981-ல் டெலிபோன், தபால் இலாகாவை விட்டுப் பிரிந்தது. 1984-ல் பாதிக்கு மேல் பங்குகள் பொதுஜனங்களுக்கு விற்கப்பட்டன. 2000-த்தில், அதே பழைய செப்புக் கம்பியின் வழியாகவே வேகமான இன்டர்நெட் வீடுகளுக்குள் புகுந்தது. பிராட்பேண்ட் விற்கப் புதிய கம்பெனிகள் முளைத்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கம்பி கிடையாது. வீட்டுக்கு வரும் கம்பி பழைய டெலிபோன் கம்பெனியினுடையது. 2006 முதல் அதன் ஓப்பன்ரீச் என்ற கிளை அதைப் பராமரித்து, எல்லாக் கம்பெனிகளுக்கும் வாடகைக்கு விட்டது.

இங்கேதான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. கம்பெனியை மாற்றினாலும் கம்பி மாறுவதில்லை. எக்ஸ்சேஞ்சில் சிறிது நேர வேலைதான். ஆனால் ஒரு கம்பியில் ஒரு கம்பெனிதான் குடியிருக்க முடியும். பழைய கம்பெனி காலி செய்ததாகப் பதிவாகாத வரை புதியது உள்ளே நுழைய முடியாது. குடிபோனவர் பூட்டைக் கழற்றாமல் போன வீடு போல், யாரோ என்றைக்கோ போட்ட அடையாளக் குறி கம்பியிலேயே தங்கிவிட, சந்தாதாரர் இரண்டு கம்பெனிகளுக்கும் போன் செய்து களைத்துப் போவார். "அது எங்கள் குறி அல்ல" என்று இருவரும் சொல்வார்கள்.

ஆகையால் ஒரு சீட்டு ஏற்பாடாயிற்று. மைக்ரேஷன் ஆத்தரைசேஷன் கோட் என்று நீட்டி முழக்கி, மேக் என்று சுருக்கி அழைத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் பள்ளிக்கூடத்து டி.ஸி. பழைய பள்ளிக்கூடத்தில் டி.ஸி. வாங்கி வந்து காட்டினால்தான் புதிய பள்ளிக்கூடத்தில் இடம். ஆரம்பத்தில் இது கம்பெனிகளின் நல்லெண்ணத்தைப் பொறுத்திருந்தது. போகிற பையனுக்கு எந்தத் தலைமையாசிரியர் சந்தோஷமாக டி.ஸி. கொடுப்பார்? சிலர் இழுத்தடித்தார்கள், சிலர் கொடுக்கவே இல்லை. 2007 பிப்ரவரி 14 முதல், கேட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் காசு வாங்காமல் கொடுத்தாக வேண்டும் என்று ஆஃப்காம் என்ற கண்காணிப்பு ஸ்தாபனம் விதி செய்தது. சீட்டுக்கு ஆயுள் முப்பது நாள்.

கட்டணம் ஒழிந்தது. சங்கடம் ஒழியவில்லை. சீட்டுக் கேட்கப் பழைய கம்பெனிக்குத்தானே போன் செய்ய வேண்டும்? அங்கே போகிறவர்களைத் தடுத்து நிறுத்தவென்றே ஒரு தனி இலாகா உட்கார்ந்திருந்தது. ஏன் போகிறீர்கள், என்ன குறை, மாதம் ஐந்து பவுன் குறைத்துக் கொள்ளட்டுமா என்று தேனொழுகப் பேசுவார்கள். இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாத சந்தாதாரர், போகிறேன் என்றவுடன் மாப்பிள்ளையாகி விடுவார்! இந்த உபசாரத்தை அனுபவித்துப் பலர் தங்கி விட்டார்கள். லாபமென்று தங்கியவர்களும் உண்டு. வாதாடத் தெம்பில்லாமல் தங்கியவர்களே அதிகம் என்பது என் அனுமானம்.

நம் நாட்டில் 2011 ஜனவரி 20-ல், எண்ணை மாற்றாமல் கைபேசிக் கம்பெனியை மாற்றும் வசதி தேசம் முழுவதற்கும் வந்தபோதும் இப்படி ஒரு சீட்டு உண்டு. 1900-க்குச் செய்தி அனுப்பினால் குறியீடு தானாக வரும். அப்போது கட்டணம் 19 ரூபாய். மனிதர் குரல் குறுக்கே வரவில்லை என்பது பெரிய சௌகரியம்.

2015 ஜூன் 20-ல் பிரிட்டன் மேக்கைத் தூக்கி எறிந்தது. இனி, பழைய கம்பெனியிடம் போய்ச் சொல்வது புதிய கம்பெனியின் வேலை. மாற்றத்துக்குப் பத்து வேலை நாள் அவகாசம். சிறிது நேர வேலைக்குப் பத்து நாள் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. காரணம் இருக்கிறது. சந்தாதாரருக்குத் தெரியாமலே அவரைத் தன் பக்கம் மாற்றிக் கொள்ளும் திருட்டு ஒன்று அங்கே நடந்து வந்தது. ஸ்லாமிங் என்பது அதன் பெயர். இரண்டு கம்பெனிகளும் கடிதம் எழுதி, அவர் படித்து, "ஐயையோ, நான் கேட்கவே இல்லையே!" என்று கூவுவதற்குத்தான் அந்தப் பத்து நாள்.

ஆனால் இந்தச் சலுகை ஒரே கம்பியில் குடி மாறுகிறவர்களுக்கு மட்டுமே. கேபிள் கம்பெனிக்கோ, தன் சொந்தக் கண்ணாடி இழையைத் தெருவில் புதைத்த புதுக் கம்பெனிக்கோ போகிறவர் கதி பழைய கதிதான். பழைய இடத்தில் அவரே முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முன்னால் கொடுத்து, புதிய ஆள் வரத் தாமதமானால் வீடு இருட்டு. பின்னால் கொடுத்தால் ஒரே மாதத்துக்கு இரண்டு பில். தேதிகள் சரியாகப் பொருந்த ஜோசியரைத்தான் கேட்க வேண்டும். தாமதத்துக்கும் விலை உண்டென்று 2019 ஏப்ரலில் பெரிய கம்பெனிகள் தாமாக ஒப்புக் கொண்டன: புதிய இணைப்பு சொன்ன நாளில் வராவிட்டால் நாளுக்கு 5 பவுன், சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால் 25 பவுன் என்று அப்போது வகுத்தார்கள். ஆனாலும் இரட்டை பில் நின்றபாடில்லை.

எந்தக் கம்பியிலிருந்து எந்தக் கம்பிக்குப் போனாலும் ஒரே முறை என்று ஆஃப்காம் 2021-ல் முடிவு செய்தது. ஒன் டச் ஸ்விட்ச் என்று பெயர். 2023 ஏப்ரல் 3 கெடு. ஒருவர் வாடிக்கையை ஒருவர் பறிக்கத் துடிக்கும் கம்பெனிகள் கூடி, தங்களுக்குள் சேதி கொண்டு போக ஒரு தனிக் கம்பெனியே ஆரம்பித்தன. சம்பந்திச் சண்டை தீரச் சம்பந்திகளே ஆள் வைத்த மாதிரி! கெடு தவறியது. 2024 மார்ச் 14 என்றார்கள், அதுவும் தவறியது. 2024 செப்டம்பர் 12-ல் ஒருவழியாக நடைமுறைக்கு வந்தது.

இப்போது புதிய கம்பெனியிடம் பெயரும் விலாசமும் பழைய கம்பெனி எதென்றும் சொன்னால் போதும். பழையது, விலகினால் என்ன தர வேண்டியிருக்கும் என்ற விவரத்தைச் சந்தாதாரருக்குத் தானாக அனுப்பி வைக்கும். முடிந்த இடத்தில் ஒரே நாளிலும் மாறலாம். மாறிய தேதிக்குப் பின் நோட்டீஸ் காலக் கட்டணம் வாங்கக் கூடாது.

ஒப்பந்தத்தின் நடுவே விலகுகிறவருக்கு மட்டும் கட்டணம் இன்னும் உண்டு. மாதம் 30 பவுன், பாக்கி ஏழு மாதம் என்று வைத்துக் கொள்வோம்: 210 பவுனுக்கு மேல் கேட்க முடியாது, அதிலும் கம்பெனிக்கு மிச்சமாகும் செலவைக் கழிக்க வேண்டும். ஒப்பந்தம் முடியப் போவதை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரியிலேயே வந்து விட்டது. அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு 210 பவுன் மிச்சம்.

ஒரு சின்ன விஷயம். இந்த முறையில் புதிய கம்பெனி சொல்லும் குடும்பப் பெயர், பழைய கம்பெனியின் கணக்கில் இருக்கும் பெயரோடு பொருந்த வேண்டும். லண்டனில் குடியிருக்கும் நம்மவர்கள், மனுப் போட்ட அன்றைக்குத் தகப்பனார் பெயரைக் கடைசியில் எழுதினோமா, சொந்தப் பெயரை எழுதினோமா என்பதைப் பழைய பில்லில் ஒரு தரம் பார்த்து வைத்துக் கொள்வது நல்லது.