வீட்டுப் பசுமைக்குடில்

வீட்டுப் பசுமைக்குடில் என்பது, செடிகளைக் குளிர், பனி, காற்று ஆகியவற்றிலிருந்து காத்து வளர்ப்பதற்காக வீட்டுத் தோட்டத்தில் அமைக்கப்படும், ஒளிபுகும் கூரையும் சுவர்களும் கொண்ட சிறு கட்டமைப்பு ஆகும். இது பைங்குடில், கண்ணாடி வீடு எனவும் அழைக்கப்படுகின்றது. ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்ப் பகுதிகளில் இளவேனிலுக்கு முன்னரே நாற்று வளர்க்கவும், தக்காளி, வெள்ளரி, மிளகாய் முதலியவற்றின் விளைகாலத்தை நீட்டிக்கவும், வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிர்காலத்தில் உயிருடன் காக்கவும் இது பயன்படுகின்றது.

குடிலை அமைக்கும் செலவு ஒருமுறை மட்டுமே ஏற்படுவது. சூடாக்கும் செலவு ஒவ்வொரு குளிர்காலத்திலும் திரும்ப வருவது. இச்செலவு எந்தச் சூடேற்றி வாங்கப்படுகின்றது என்பதைவிட, குடிலின் மூடுபொருள், உள்ளே பேணப்படும் வெப்பநிலை, சூடாக்கப்படும் இடத்தின் அளவு ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

உரோமைப் பேரரசர் திபேரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் கிடைக்கும்படி, சக்கரம் பூட்டிய பாத்திகளில் செடிகள் வளர்க்கப்பட்டு, ஒளிபுகும் கல் தகடுகளால் மூடப்பட்டதாக மூத்த பிளினி குறிப்பிட்டுள்ளார். 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொரிய நூலான சாங்கா யோரோக், எண்ணெய் தடவிய தாளால் மூடப்பட்டு, தரைக்கு அடியில் புகைவழி அமைத்துச் சூடாக்கப்பட்ட குடிலை விவரிக்கின்றது.

17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் நாரத்தை, தோடை வகை மரங்களைக் குளிரிலிருந்து காக்கத் தனி மாளிகைகளைக் கட்டினர். பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845 இல் நீக்கப்பட்ட பின்னர் கண்ணாடியின் விலை குறைந்து, நடுத்தரக் குடும்பங்களும் கண்ணாடி வீடு அமைக்கத் தொடங்கின. 1948 இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமரி எம்மர்ட் கண்ணாடிக்கு மாற்றாக நெகிழித் தாளைப் பயன்படுத்திக் குடில் அமைத்தார். இம்முறை பரவியதால் குடில் அமைக்கும் செலவு பெரிதும் குறைந்தது.

செயற்படும் முறை

சூரிய ஒளி மூடுபொருளின் வழியாக உட்புகுந்து மண், செடி, தரை ஆகியவற்றைச் சூடாக்குகின்றது. அவற்றைத் தொட்டுச் சூடேறும் காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகின்றது. சூடான காற்று வெளியேறாமல் தடுக்கப்படுவதே உள்ளே வெப்பம் கூடுவதற்கு முதன்மைக் காரணம் ஆகும். கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதன் பங்கு சிறிதே என்பதை, 1909 இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட், அக்கதிர்களைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டைக் கொண்டு செய்த ஆய்வின் மூலம் காட்டினார். ஆகவே, இடுக்குகளின் வழியே காற்று ஒழுகும் குடிலில் வெப்பம் தங்காது.

அமைத்தல்

இடம்: வட அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாக இருப்பதால், தெற்குப் பக்கம் மரம், சுவர் முதலியவற்றின் நிழல் இல்லாத இடம் தேவை. உயர் அகலாங்குகளில் கூரை முகடு கிழக்கு மேற்காக அமையும்போது குளிர்காலத்தில் கூடுதல் ஒளி கிடைக்கின்றது. வாடைக்காற்று நேராக மோதாத இடம் நன்று. குளிர்காற்று தேங்கும் பள்ளமான இடங்களில் உறைபனி கடுமையாக இருக்கும். வீட்டின் தென்சுவரைச் சார்ந்து அமைக்கப்படும் சாய்ப்புக் குடில், அச்சுவரின் வெப்பத்தையும் பெறுகின்றது. மின்சாரம், நீர் ஆகியவற்றைக் கொண்டு செல்லும் தொலைவும் குறைகின்றது.

அடித்தளம்: எடை குறைந்த குடில் புயற்காற்றில் பெயர்ந்துவிடக்கூடும் என்பதால், கற்காரை அல்லது செங்கல் அடித்தளத்துடன் சட்டகம் இறுகப் பிணைக்கப்படுதல் வேண்டும். அடித்தளத்தின் சுற்றுவிளிம்பில் காப்பு அட்டைகளை நிலத்துள் செங்குத்தாகப் புதைத்தால், மண்ணின் வெப்பம் பக்கவாட்டில் வெளியேறுவது குறையும்.

சட்டகம்: மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஆனால் பராமரிப்புத் தேவை. அலுமினியம் துருப்பிடிக்காது, நீண்டகாலம் உழைக்கும். ஆனால் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். நாகம் பூசிய இரும்புக் குழாய்கள் நெகிழித்தாள் குடில்களுக்குப் பயன்படுகின்றன.

மூடுபொருள்: உள்ளும் புறமும் வெப்பநிலை 1 பாகை வேறுபடும்போது, 1 சதுர மீட்டர் பரப்பின் வழியாக வெளியேறும் வெப்பம் ஏறத்தாழப் பின்வருமாறு:

- ஒற்றைப் பாலித்தீன் தாள் – 6 முதல் 7 வாட்டு
- ஒற்றைக் கண்ணாடி – 6 வாட்டு
- இடையே காற்று நிரப்பிய இரட்டைப் பாலித்தீன் தாள் – 4 வாட்டு
- 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட்டுத் தகடு – 3 வாட்டு

பாலித்தீன் தாள் விலை குறைந்தது. எனினும் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வகையாயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

வெப்பத் தேவையைக் கணக்கிடுதல்

குடிலின் வெளிப்பரப்பையும், மூடுபொருளுக்குரிய மேற்கண்ட எண்ணையும், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கினால் தேவைப்படும் வெப்பம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 2.4 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் பக்கச்சுவர் உயரம், 2.4 மீட்டர் முகட்டு உயரம் கொண்ட குடிலின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 29 சதுர மீட்டர். வெளியே −3 °செ ஆக இருக்கும் இரவில் இதற்குத் தேவைப்படும் வெப்பம்:

- ஒற்றைக் கண்ணாடி, உள்ளே 7 °செ: 29 × 6 × 10 = 1,740 வாட்டு
- ஒற்றைக் கண்ணாடி, உள்ளே 15 °செ: 29 × 6 × 18 = 3,132 வாட்டு
- பாலிகார்பனேட்டு, உள்ளே 7 °செ: 29 × 3 × 10 = 870 வாட்டு

காற்றொழுக்கினால் ஏற்படும் இழப்பு இதனுடன் சேரும். உள்வெப்பநிலையை 7 பாகையிலிருந்து 15 பாகைக்கு உயர்த்தினால் தேவை ஏறத்தாழ இருமடங்காகின்றது. மூடுபொருளை மாற்றினால் பாதியாகக் குறைகின்றது. 12 மணி நேர இரவு முழுவதும் இதே குளிர் நிலவினால், முதல் குடிலுக்கு ஏறத்தாழ 21 கிலோவாட் மணியும், மூன்றாவது குடிலுக்கு ஏறத்தாழ 10 கிலோவாட் மணியும் தேவை. இவ்வெண்ணை உள்ளூர் மின் கட்டணத்தால் பெருக்கினால் ஓர் இரவுக்கான செலவு தெரியவரும்.

குறைந்த செலவில் சூடாக்குதல்

வெப்பநிலையைத் தெரிவுசெய்தல்

குளிர்காலத்தை ஓய்வுநிலையில் கழிக்கும் பல செடிகளுக்கு உறைபனி படாதிருந்தாலே போதும்; 4 முதல் 7 °செ வரை பேணுவது போதுமானது. மென்மையான செடிகளுக்கு 10 முதல் 13 °செ தேவை. கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளில் வாழும் தமிழர் பலர் தொட்டிகளில் வளர்க்கும் கறிவேப்பிலை இவ்வகையைச் சாரும். இத்தகைய ஓரிரு செடிகளுக்காகக் குடில் முழுவதையும் சூடாக்குவதைவிட, குளிர்காலத்தில் அவற்றை வீட்டினுள் ஒளி விழும் சன்னலருகே வைப்பது செலவு குறைந்த வழியாகும்.

விதைப்பைத் தள்ளிப்போடுவதும் பயன் தரும். சனவரியில் விதைத்தால் ஆண்டின் மிகக் குளிரான வாரங்கள் முழுவதும் நாற்றுகளைச் சூடாக வைத்திருக்க வேண்டும். மார்ச்சு மாதத்தில் விதைக்கும்போது அச்செலவின் பெரும்பகுதி இல்லாமற் போகின்றது. பகல் நீள்வதால் நாற்றுகளும் திடமாக வளர்கின்றன.

இழப்பைக் குறைத்தல்

கதவு, காற்றுப்போக்கி, கண்ணாடிப் பொருத்துகள் ஆகியவற்றின் இடுக்குகளை அடைப்பது மிகக் குறைந்த செலவில் செய்யத்தக்க முதற் பணியாகும். அடுத்ததாக, காற்றுக் குமிழ்கள் கொண்ட நெகிழித்தாளைக் கண்ணாடியின் உட்புறம் பொருத்தலாம். இது ஒளியைச் சிறிது குறைப்பதால் இளவேனிலில் அகற்றப்படுகின்றது. இரவில் கூரைக்குக் கீழே திரை இழுத்து மூடுவதும், செடிகளின் மேல் மெல்லிய நெய்யாத் துணியைப் போர்த்துவதும் பயன் தரும். இப்போர்வை பகலில் நீக்கப்படுதல் வேண்டும்.

சூடாக்கும் இடத்தைச் சுருக்குதல்

குடிலின் ஒரு பகுதியை நெகிழித்தாளால் தடுத்து, அதை மட்டும் சூடாக்கலாம். விதை முளைப்பதற்குக் காற்றைவிட மண்ணின் சூடே முதன்மையானது. ஆகவே, மூடியுள்ள நாற்றுப் பெட்டியின் அடியில் மின் சூட்டுவிரிப்பு அல்லது சூட்டுக்கம்பி வைத்தால், சில பத்து வாட்டு மின்சாரமே போதுமானதாகின்றது.

வெப்பத்தைத் தேக்குதல்

பகல் வெப்பத்தைத் தேக்கி இரவில் வெளியிடுவதற்குக் கருமை பூசிய நீர்ப் பீப்பாய்கள் வெயில் படும்படி வடபுறத்தில் வைக்கப்படுகின்றன. 200 லிட்டர் நீர் 10 பாகை குளிரும்போது ஏறத்தாழ 2.3 கிலோவாட் மணி வெப்பம் வெளிப்படும். மேற்கண்ட பாலிகார்பனேட்டுக் குடிலின் ஓரிரவுத் தேவையை நிறைவுசெய்ய நான்கு அல்லது ஐந்து பீப்பாய்கள் வேண்டும். இவை சிறிய குடிலில் பெருமளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலும், பகலில் வெயில் இருந்தால் மட்டுமே நீர் சூடேறும். எனவே தெளிந்த வானமுள்ள குளிர்ப் பகுதிகளுக்கு இம்முறை ஏற்றது. பல நாட்கள் தொடர்ந்து மேகம் சூழும் பகுதிகளில் இதனை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சாணச் சூட்டுப்பாத்தி

புதிய குதிரைச் சாணமும் வைக்கோலும் மட்கும்போது வெளிப்படும் வெப்பத்தைக் கொண்டு நாற்று வளர்ப்பது பழைய முறையாகும். தொடக்கச் சூடும் அமோனியா வாயுவும் தணிந்த பின்னரே அதன்மேல் மண் பரப்பி விதைக்கவேண்டும்.

சூடேற்றிகள்

- மின்சூடேற்றி: தெர்மோசுடாட்டு எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி பொருத்தப்பட்ட விசிறிச் சூடேற்றி சிறிய குடில்களுக்கு ஏற்றது. மின்தடைச் சூடேற்றிகள் அனைத்தும் ஓர் அலகு மின்சாரத்திலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருவதால், விலை கூடியது வாங்குவதால் மட்டும் மின்செலவு குறையாது.
- மண்ணெண்ணெய்ச் சூடேற்றி: ஒரு லிட்டர் மண்ணெண்ணெயிலிருந்து ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். மின்தடையின்போது உதவும். எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரும் ஆவியாக வெளிப்படுவதால் குடிலில் ஈரம் மிகும்.
- வளிமச் சூடேற்றி: புரொப்பேன் போன்ற வளிமங்களை எரிக்கும் இதுவும் நீராவியை வெளியிடும். முழுமையாக எரியாதபோது உண்டாகும் எத்திலீன் தக்காளி முதலிய செடிகளுக்குத் தீங்கு விளைவிக்கும்.

மெழுகுதிரியை ஏற்றி அதன்மேல் மண்தொட்டியைக் கவிழ்ப்பதும் குடிலைச் சூடாக்கும் வழியாகப் பரவலாகச் சொல்லப்படுகின்றது. சாதாரண மெழுகுதிரி ஒன்று தரும் வெப்பம் 100 வாட்டுக்கும் குறைவு. மண்தொட்டி அவ்வெப்பத்தைக் கூட்டுவதில்லை. மேற்கண்ட கண்ணாடிக் குடிலுக்கு இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட மெழுகுதிரிகள் தேவைப்படும். தீ விபத்துக்கும் வாய்ப்புண்டு.

காற்றோட்டமும் பாதுகாப்பும்

முற்றாக அடைக்கப்பட்ட குடிலில் ஈரப்பதன் மிகுந்து, சாம்பல் பூசணம் போன்ற நோய்கள் பரவும். எனவே குளிர்காலத்திலும் வெயிலுள்ள நண்பகலில் சிறிது நேரம் காற்றுப்போக்கியைத் திறப்பது தேவை. செடிகளுக்குக் காலையில் நீர் ஊற்றினால் மாலைக்குள் இலைகள் உலர்ந்துவிடும்.

எரிபொருளை எரிக்கும் சூடேற்றிகள் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கக்கூடும். நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் உயிரைப் பறிக்கவல்லது. ஆகவே அவை எரியும்போது வெளிக்காற்று உட்புக வழி இருத்தல் வேண்டும். எரியும் குடிலில் நீண்டநேரம் தங்குதல் ஆகாது. ஈரம் மிகுந்த இடமாதலால், மின் இணைப்புகள் தகுதி பெற்ற மின்பணியாளரால் அமைக்கப்பட்டு, கசிவு ஏற்படின் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியுடன் இருத்தல் வேண்டும்.

ஒரே இரவின் உறைபனி பல மாத உழைப்பை அழித்துவிடக்கூடும். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிவுசெய்யும் உச்ச-நீச வெப்பமானியைச் செடிகளின் உயரத்தில் வைத்தால், சூடேற்றி உரியவாறு இயங்கியதா என்பதை மறுநாள் அறியலாம்.

எரிபொருளற்ற குடில்கள்

வட சீனாவில் 1980கள் முதல் பரவலான சூரியக் குடில்களில் வடக்குப்புறம் தடித்த மண் அல்லது செங்கற் சுவரும், தெற்குப்புறம் வளைந்த நெகிழித்தாளும் உள்ளன. பகலில் சூடேறும் சுவர் இரவில் வெப்பத்தை வெளியிடுகின்றது. மாலையில் நெகிழித்தாளின் மேல் தடித்த போர்வை விரிக்கப்படுகின்றது. இந்தியாவின் இலடாக் பகுதியிலும் இதே கோட்பாட்டில் மண்கல் சுவர்க் குடில்கள் அமைக்கப்பட்டு, கடுங்குளிரிலும் கீரை வகைகள் விளைவிக்கப்படுகின்றன. பொலிவியாவின் உயர்நிலப் பகுதியில் உள்ள வாலிப்பினி எனப்படும் குடில், நிலத்தைத் தோண்டி அமைக்கப்பட்டு மண்ணின் வெப்பத்தைப் பயன்படுத்துகின்றது.

இவை மூன்றும் வெயில் நிறைந்த குளிர்ப் பகுதிகளில் உருவானவை. மேகமூட்டம் மிகுந்த நாடுகளில் வீட்டுக் குடில் அமைப்போர், சூரியன் எதிர்ப்படாத வடசுவரை ஒளிபுகாக் காப்புப் பொருளால் மூடுவது, இரவில் போர்வை விரிப்பது ஆகிய இரு கூறுகளையும் தமது குடிலிலும் பின்பற்றலாம்.

இவற்றையும் பார்க்க

- நிழல்வலைக் குடில்
- வெப்பக் காப்பு
- சூரிய ஆற்றல்
- நாற்றங்கால்