புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் சிறுநீரகப் புற்றுசெல்லின் இறப்பும்: ஓர் ஆய்வு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீரகப் புற்றுசெல்கள் வழக்கமான கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் எளிதில் மடிவதில்லை. இதன் காரணத்தைத் தேடிய அறிவியல், செல் இறப்பு, செல் நெருக்கடி, புரதச் சிதைவு என்ற மூன்று தனித் தடங்களில் வளர்ந்து ஒரு புள்ளியில் சந்தித்தது. நெருக்கடி மட்டும் செல்லைக் கொல்வதில்லை; அந்நெருக்கடியில் எந்தப் புரதம் எஞ்சுகிறது, எது சிதைகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது.

1. இறப்பை நடத்தும் நொதிகள்

செல் தன்னைத் தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் முறைக்கு 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவரும் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். அதை நடத்துவது யார் என்பது இரு பதின்ம ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. உருளைப்புழுவில் செல் இறப்புக்கு இன்றியமையாத ஒரு மரபணு, புரதத்தை வெட்டும் நொதியை உருவாக்குகிறது என 1993இல் ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகம் காட்டியது. இவ்வகை நொதிகளே இன்று கேஸ்பேஸ்கள் எனப்படுகின்றன.

1995இல் டிரெயில் என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. செல்லின் மேற்பரப்பிலுள்ள டி.ஆர்.4, டி.ஆர்.5 ஏற்பிகளில் அது பிணைந்தால் கேஸ்பேஸ்கள் விழித்தெழும். பெரும்பாலான இயல்பான செல்களை அது விட்டுவிடுவதால் புற்றுநோய் ஆய்வாளர்களுக்குப் பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் பல சிறுநீரகப் புற்றுசெல்கள் அதற்கும் மசியவில்லை. சி-ஃபிளிப், எம்.சி.எல்.-1 போன்ற இறப்பைத் தடுக்கும் புரதங்கள் அவற்றைக் காத்தன.

2. நெருக்கடியின் இரு முகங்கள்

செல்லுக்கு வெளியே செல்லும் புரதங்களும் சவ்வில் அமரும் புரதங்களும் எண்டோபிளாச வலையில் மடிந்து உருப்பெறுகின்றன. மடிப்புப் பிழையான புரதங்கள் அங்கே தேங்கும்போது செல் அதை உணர்ந்து எதிர்வினை ஆற்றுகிறது. ஈஸ்ட் செல்லில் இதை உணரும் ஐ.ஆர்.இ.-1 புரதத்தை 1993இல் பீட்டர் வால்டர் குழுவும் கசுதோஷி மோரியும் தனித்தனியே கண்டறிந்தனர். இவ்விருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இந்த எதிர்வினையின் முதல் நோக்கம் செல்லைக் காப்பதே. புதிய புரத உற்பத்தி குறையும். மடிப்புக்கு உதவும் புரதங்கள் பெருகும். நெருக்கடி நீடித்தால் ‘சாப்’ என்ற மரபணு ஒழுங்குபடுத்தி உயர்ந்து, போக்கு இறப்பை நோக்கித் திரும்பும். சாப் டி.ஆர்.5 ஏற்பியைப் பெருக்குகிறது என யமகுச்சியும் வாங்கும் 2004இல் நிறுவினர். நெருக்கடித் தடமும் டிரெயில் தடமும் இணைந்த இடம் இதுவே.

3. சிதைவின் பாதை

அழிக்க வேண்டிய புரதத்தில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படும். பின்னர் புரோட்டியசோம் என்ற சிதைப்பு அமைப்பு அதைச் சிதைக்கும். இதைக் கண்டறிந்த சீகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். சிறுநீரகப் புற்றுநோயோடு இதற்குள்ள உறவு மிக ஆழமானது. 1993இல் கண்டறியப்பட்ட வி.எச்.எல். மரபணு, தெளிசெல் வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் செயலிழந்திருக்கிறது. எச்.ஐ.எஃப். புரதங்களைச் சிதைவுக்கு அனுப்புவதே அதன் பணி என்று 1999இல் தெளிவாயிற்று. அப்பணி நின்றால் எச்.ஐ.எஃப். தேங்கி, இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டுகிறது. எனவே இந்நோயின் வேரிலேயே புரதச் சிதைவின் கோளாறு இருக்கிறது.

புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டிசோமிப் 2003இல் அமெரிக்காவில் மல்ட்டிபிள் மைலோமாவுக்கு அனுமதி பெற்றது. சிறுநீரகப் புற்றுநோயில் நடந்த ஒரு சோதனையிலோ 37 பேரில் 4 பேருக்கே கட்டி ஓரளவு சுருங்கியது. செல்லெங்கும் பொதுவான நெருக்கடியை உண்டாக்குவது இந்நோயில் போதவில்லை.

4. தடங்கள் இணைந்தபோது

தென்கொரியாவின் கெய்ம்யுங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. மஞ்சளிலுள்ள குர்குமின், சிறுநீரகப் புற்றுசெல்களில் டி.ஆர்.5ஐ உயர்த்தி, டிரெயிலுக்கு அவற்றைப் பணியவைத்தது. இது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு. உண்ணும் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஆகவே மஞ்சள் உண்டால் நோய் குணமாகும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

அடுத்து யுபிக்விட்டினை அகற்றும் நொதிகள் மீது கவனம் திரும்பியது. இவை சில காப்புப் புரதங்களைச் சிதைவிலிருந்து மீட்கின்றன. இவற்றைத் தடுத்தால் அக்காப்பு குலைகிறது. செல்லின் மற்றொரு சிதைவுக் களமான லைசோசோமிலுள்ள, புரதத்தை வெட்டும் கதெப்சின் நொதிகளின் பங்கு இருவகைப்பட்டது. லைசோசோமிலிருந்து கசிந்தால் அவை ‘பிட்’ புரதத்தை வெட்டி இறப்பைத் தூண்டக்கூடும். மாறாக, கதெப்சின்-எஸ் நொதியைத் தடுத்தபோது சிறுநீரகப் புற்றுசெல்கள் டிரெயிலுக்கு எளிதில் பணிந்தன. ஒரே குடும்பத்து நொதிகள் கொல்லவும் காக்கவும் செய்கின்றன.

முடிவுரை

எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபாவை நேரடியாகத் தடுக்கும் பெல்சுட்டிஃபான், 2021இல் வி.எச்.எல். மரபணுப் பிழையால் வரும் பரம்பரை நோய்க்கும் 2023இல் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயின் மூலத்திலுள்ள குறிப்பிட்ட புரதத்தை அறிந்து தாக்கியதே அதன் வலிமை. செல்லைக் கொல்ல முனையும் சிகிச்சைகளும் இவ்வழியே செல்ல வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் எந்தக் காப்புப் புரதம் ஓங்கியிருக்கிறது, எந்த நொதி அதைத் தாங்குகிறது என்று முதலில் அளந்தறிய வேண்டும். அந்த அளவீட்டைத் தொடக்கமாகக் கொள்ளாத சோதனைகள் போர்ட்டிசோமிப்பின் அனுபவத்தையே மீண்டும் சந்திக்க நேரும்.