குறியும் திருப்பமும்: வீ கன்சோலுக்குப் பெயர்க்கப்பட்ட சுடும் விளையாட்டுகள்

2006 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் கைக்கருவியைத் தொலைக்காட்சியை நோக்கி நீட்டி, அடிப்புறத்திலுள்ள விசையைச் சுட்டுவிரலால் இழுக்கும் எவருக்கும் துப்பாக்கி நினைவுக்கு வராமல் இராது. சுடும் விளையாட்டுகளுக்கு இதனினும் பொருத்தமான கருவி இல்லை என்ற எண்ணம் எளிதில் வேர்கொண்டது. கன்சோலின் அறிமுகக் காலத்திலேயே, அதற்கெனவே உருவாக்கப்பட்ட ரெட் ஸ்டீலும், பிற கன்சோல்களுக்கும் வெளியான கால் ஆஃப் டூட்டி 3-உம் அதில் வந்தன. இரண்டிலும் குறிபார்ப்பதைக் காட்டிலும் திரும்புவதே கடினமாக இருந்தது. இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல், அப்பெயர்ப்புகள் தேவைதானா என்ற கேள்விக்கு விடைகாண இயலாது.

கணினியின் மவுஸ் ஆயினும், கட்டைவிரலால் தள்ளும் இரட்டை ஸ்டிக் ஆயினும், முதல் நபர்ப் பார்வையிலான சுடும் விளையாட்டில் குறி எப்போதும் திரையின் நடுவிலேயே நிற்கிறது. குறியை நகர்த்துவது என்பது உலகையே திருப்புவதாகும். பார்ப்பதும் குறிவைப்பதும் அங்கே ஒரே செயல். வீ அவ்வாறன்று. தொலைக்காட்சியின் மேல் வைக்கப்படும் பட்டையிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியைக் கைக்கருவியின் முனையிலுள்ள கேமரா காண்கிறது. அதிலிருந்து திரையில் ஓர் இடம் கணக்கிடப்படுகிறது. (அப்பட்டையை உணர்விப் பட்டை என்று அழைத்தாலும், உணர்வது அதுவன்று, அது வெறும் விளக்கு.) ஆகவே கருவி தருவது திரைமீது ஒரு புள்ளியை மட்டுமே, திரும்பும் திசையை அன்று. கருவிக்குள் இருந்த முடுக்கமானி அசைவையும் சாய்வையும் அறியும். கிடைமட்டத்தில் கை எவ்வளவு திரும்பியது என்பதை அதனால் அளக்க முடியாது. அதற்குரிய சுழல்மானி, மோஷன் பிளஸ் என்னும் இணைப்பாக 2009-இல்தான் வந்தது.

விளைவாக, குறி திரையின் விளிம்பை நெருங்கும்போது மட்டும் பார்வை திரும்பும் என்ற ஏற்பாட்டை வடிவமைப்பாளர்கள் கைக்கொண்டனர். நடுவே பார்வை அசையாத ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தைப் பெரிதாக்கினால் குறி நிலைகொள்ளும். ஆனால் பின்னாலிருந்து சுடுபவனை நோக்கித் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். சிறிதாக்கினால் கையின் சிறு நடுக்கமும் உலகை ஆட்டிவைக்கும். கை தளர்ந்து கருவி திரையை விட்டு விலகினால், குறியே காணாமற் போகும். இது பெயர்ப்பாளரின் கவனக்குறைவால் விளைந்த குறையன்று. இரு கருவிகளின் இலக்கணங்களுக்கு இடையிலான வேறுபாடு.

இவ்விலக்கணம் இடையூறு செய்யாத விளையாட்டுகள் சிறப்பாகவே பெயர்ந்தன. 2005-இல் கேம்கியூபில் வந்த ரெசிடென்ட் ஈவில் 4-இல் நாயகன் நின்றுதான் சுடுவான். நடந்துகொண்டே சுட முடியாது. குறிபார்ப்பதும் நகர்வதும் மூலத்திலேயே பிரிந்திருந்தமையால், 2007-இன் வீ பதிப்பில் சுட்டுமுனை இயல்பாகப் பொருந்தியது. அப்பதிப்பை மூலத்தினும் மேலாகக் கருதுவோர் உண்டு. அக்கருத்தை மறுப்பது கடினம். மெட்ராய்ட் பிரைம் வரிசையின் முதல் இரண்டும் 2009-இல் தொகுப்பாக வீ-க்கு வந்தபோதும் இதே நிலைதான்: எதிரியின்மேல் பார்வையைப் பூட்டிவைக்கும் வசதி அவற்றில் முன்னரே இருந்தது.

மாடர்ன் வார்ஃபேர் அத்தகையதன்று. 2007-இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கணினி ஆகியவற்றுக்கு வெளியான அது, விரைவான திருப்பத்தையே உயிராகக் கொண்டது. ட்ரேயார்க் நிறுவனம் அதனை ரிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் 2009-இல் வீ-க்குக் கொணர்ந்தது. 512 மெகாபைட் நினைவகத்துக்கு எழுதப்பட்டதை 88 மெகாபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. காட்சி மங்கியதில் வியப்பில்லை. படத்தின் பொலிவை மட்டும் ஒப்பிட்டு அதனைப் புறந்தள்ளிய மதிப்பீடுகள் ஒன்றைக் கவனிக்கத் தவறின. வீட்டில் ஒரே ஒரு கன்சோல் உடையவர்களுக்கு, தேர்வு நல்ல பதிப்புக்கும் மங்கிய பதிப்புக்கும் இடையிலானதன்று. விளையாடுவதற்கும் விளையாடாமலிருப்பதற்கும் இடையிலானது. பத்துக் கோடிக்கு மேல் விற்ற கன்சோலில் அத்தகையோர் சிலராக இருந்திருக்க முடியாது. அவர்களது இணையவழிப் போட்டிகள், நிண்டெண்டோ தன் வைஃபை சேவையை 2014 மே மாதம் நிறுத்தியதோடு முடிந்தன. இன்று அவ்வட்டைக் கையிலெடுக்கும் ஆய்வாளருக்கு விளையாட்டின் பாதி மட்டுமே கிடைக்கும்.

ரிஃப்ளெக்ஸ் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஹை வோல்ட்டேஜ் நிறுவனம் வீ-க்கெனவே உருவாக்கிய தி காண்டுயிட் வெளியாகியிருந்தது. கதை சாதாரணமானதுதான். ஆயினும் அசையாக் கட்டத்தின் அளவையும் திரும்பும் வேகத்தையும் ஆடுபவரே மாற்றிக்கொள்ள அது இடமளித்தது. எல்லாக் கைகளுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை வெளிப்படையாக ஏற்ற வடிவமைப்பு அது.

2015-இல் வீ யூ கன்சோலுக்கு வந்த ஸ்பிளட்டூனில் சுட்டுமுனை இல்லை. குறி மீண்டும் திரையின் நடுவுக்கே திரும்பியிருந்தது. ஸ்டிக் பெருந்திருப்பத்தைச் செய்ய, சுழல்மானி கையின் நுண்ணிய அசைவைப் பார்வையின் அசைவாக்கியது. அசையாக் கட்டத்துக்கு அங்கே வேலையில்லை. 2017-இல் ஸ்விட்ச் கன்சோலுக்குப் பெயர்க்கப்பட்ட டூம் விளையாட்டிலும் இம்முறை மறு ஆண்டு மேம்படுத்தலாகச் சேர்க்கப்பட்டது.