மருந்துக் கணக்கும் சோற்றுக் கணக்கும்: மருத்துவமனை உணவின் ஒரு தென்னக வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்கு 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது பொன்முடி. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் வரும். அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 10ஆம் பிரிவில் மருத்துவ வசதியையும் 11ஆம் பிரிவில் 150 பேருக்குக் குறையாத தோட்டங்களுக்கு உணவகத்தையும் பேசியது. இரண்டும் அடுத்தடுத்த பிரிவுகள். ஆயினும் தனித்தனிப் பிரிவுகள். அதே 1951இல்தான் மலையடிவாரத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. பெருநோய் வந்தால் மலையிலிருந்து இறங்கி அங்குதான் சேர வேண்டும். நோயாளிக்குக் கட்டில் உண்டு, மருந்து உண்டு. அவருக்குத் துணையாக வந்து வராந்தாவில் பாய் விரிப்பவர் எதை உண்பார் என்ற வினா மட்டும் எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை.

மருந்தையும் உணவையும் இவ்வாறு இருவேறு கணக்குகளில் எழுதுவது தமிழ் மருத்துவ மரபுக்குப் பழக்கமானதன்று. பத்தியம் என்ற ஒரு சொல்லே அதற்குச் சான்று. மருந்து உட்கொள்ளும் நாளில் எதை உண்பது, எதை விலக்குவது என்பதை வைத்தியர் மருந்தோடு சேர்த்தே சொல்வார். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் பெரும்பகுதி உணவின் அளவையும் பசியின் தன்மையையும் பற்றியதே. அப்படியானால் மருத்துவமனை என்னும் நிறுவனத்தில் இவ்விரண்டும் எப்போது, எவ்வாறு பிரிந்தன?

தென்னகத்தில் மருத்துவமனை பற்றிக் கிடைக்கும் மிக விரிவான பழஞ்சான்று, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆறுகள் கூடும் திருமுக்கூடலில் உள்ள கல்வெட்டு. வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் வெட்டப்பட்ட இது, ‘வீரசோழன்’ எனப் பெயரிய ஆதுலர் சாலையின் ஆண்டுச் செலவைப் பட்டியலிடுகிறது. அங்கு 15 கட்டில்கள் இருந்தன. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வகுக்கப்பட்டன. அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கும் தனித்தனிப் பங்குகள் உண்டு. தைலங்களும் நெய் மருந்துகளும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தப்படுகின்றன. அதே பட்டியலில், படுத்திருக்கும் நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி என்பதும், இரவு எரியும் விளக்குக்கு எண்ணெய் என்பதும் இடம்பெறுகின்றன. கோயில் பணியாளருக்கும் அங்குப் பயின்ற வேத மாணவருக்குமான சாலை இது. ஊரார் அனைவருக்கும் அதன் கதவு திறந்திருந்ததாகக் கொள்ள இடமில்லை. ஆனால் உள்ளே வந்தவருக்கு அரிசியும் அரீதகியும் ஒரே அறக்கட்டளையிலிருந்து, ஒரே கணக்கில் வந்தன.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் சென்னையில் இவ்வுறவு வேறொரு வடிவில் தோன்றியது. 1780களின் தொடக்கத்தில் நிலவிய பஞ்சத்தில் கஞ்சி வார்க்க எழுந்தது மணியக்காரர் சத்திரம். கஞ்சிக்கு வந்தோரில் நோயுற்றோர் பலர் இருந்ததால், 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கு ஏழையருக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் அது வளர்ந்து, ஆளுநர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. வடசென்னை மக்களோ அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே நெடுங்காலம் அழைத்தனர். மருத்துவமனைக்குள் உணவு நுழைந்த கதையன்று இது; உணவுச் சாலைக்குள் மருத்துவமனை நுழைந்த கதை.

திருவிதாங்கூரின் நிலை சற்றுச் சிக்கலானது. அரசின் ஊட்டுப்புரைகள் பிராமணருக்கு இலவசமாகச் சோறிட்டன. அத்தகைய உணவறம் பிற சாதியாருக்கு எட்டவில்லை. யார் சமைத்ததை யார் உண்பது என்ற சாதி விதி நோய்ப்படுக்கை வரை தொடர்ந்தது. இந்தியாவெங்கும் மிஷன் மருத்துவமனைகளில் நோயாளியின் உறவினரே உடன் தங்கி அடுப்பு மூட்டிச் சமைத்தமைக்கு அது ஒரு முதன்மைக் காரணம். வறுமையும் செலவுச் சுருக்கமும் பிற காரணங்கள். துணைக்கு வருபவரே சமையற்காரர் என்ற ஏற்பாடு இவ்வாறு நிலைபெற்றது. உணவு மருத்துவமனையின் பொறுப்பிலிருந்து குடும்பத்தின் பொறுப்புக்கு நழுவியது.

ஆனால் உணவே நோயின் வேர் என்ற ஐயத்தை எழுப்பியதும் அதே திருவிதாங்கூரின் ஒரு மருத்துவமனைதான். தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதியான நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மலையேறியும் அறுவை மருத்துவருமான ஹோவர்ட் சாமர்வெல் அங்குப் பணியாற்றினார். சிறுகுடல் தொடக்கத்தில் புண் கண்டு வருவோரின் பெருந்தொகை அவரை வியப்பில் ஆழ்த்தியது. விசாகம் திருநாள் (1880–1885) காலத்தில் ஊக்கம் பெற்ற மரவள்ளிக் கிழங்கு அதற்குள் ஏழையரின் முதன்மை உணவாகிவிட்டிருந்தது. குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது, கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த வடபுல உணவை உண்டவை நலமாக இருந்தன. மரவள்ளி மிகுந்த திருவிதாங்கூர் ஏழையின் உணவை உண்டவற்றில் இரைப்பைப் புண் மிகுந்தது. இப்புண்ணில் ஒரு பாக்டீரியாவுக்கு முதன்மைப் பங்கு உண்டென 1980களில் நிறுவப்பட்டது. ஆகவே அன்றைய முடிவை அப்படியே ஏற்க இயலாது. எனினும் நோயாளியிடம் ‘எங்கே வலிக்கிறது’ என்பதோடு ‘என்ன உண்கிறாய்’ என்றும் கேட்கும் வழக்கத்தை அவ்வாய்வுகள் வலுப்படுத்தின.

விடுதலைக்குப் பின் பெருகிய பெரிய அரசு மருத்துவமனைகளில் மூன்றாவது ஏற்பாடு ஒன்று வேரூன்றியது. அது குத்தகைச் சிற்றுண்டிச்சாலை. வராந்தாவில் அடுப்பு மூட்ட இடமில்லாத நிலையில் துணைக்கு வந்தவர் வாடிக்கையாளராக மாறினார். உயர்ந்த வாடகைக்குக் கடை எடுத்தவர் விரைவில் விற்பதையும் விரைவில் கெடாததையும் தேர்வது இயல்பு. கஞ்சியும் பயறும் வேளைக்கு வேளை புதிதாக ஆக்க வேண்டியவை. அவற்றில் இலாபமும் குறைவு. பழம்பொரியும் வடையும் பப்ஸும் காலையில் பொரித்தோ சுட்டோ வைத்தால் மாலைவரை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் மருத்துவமனை வாயிலை ஆள்வதற்கு மக்களின் நாக்கு மட்டும் பொறுப்பாகாது. குத்தகைக் கணக்கும் பொறுப்பு.

இது தென்னகத்திற்கு மட்டும் உரியதன்று. இதய மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் வளாகத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்று இயங்கியது. 2004லேயே அதை வெளியேற்ற முயன்றார் நிறுவனத் தலைவர். ஒப்பந்தம் குறுக்கே நின்றது. 2015இல்தான் கடை மூடப்பட்டது. குழந்தைகள் மருத்துவமனைகளைப் பற்றி 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வளாகத்திற்குள் இக்கடை இருந்த இடத்தில் அவ்வுணவை வாங்கியோர் மிகுதி என்பதோடு, அது நலமானது என்று கருதும் போக்கும் அங்குக் கூடுதல் எனக் காட்டியது. மருத்துவமனையின் கூரை தனக்குக் கீழ் விற்கப்படுவதற்கெல்லாம் ஒரு நற்சான்று வழங்கிவிடுகிறது.

கேரளத்தில் இவ்வினாவின் எடை பெரிது. 2023இல் வெளியான தேசிய ஆய்வு (ஐசிஎம்ஆர்–இந்தியாப்) இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 11.4 விழுக்காடு என மதிப்பிட்டது, கேரளத்திற்கு 25.5 விழுக்காடு. 2016 ஜூலை நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பர்கர், பீட்சா போன்றவற்றின் மீது 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’ விதித்தார். அது வணிகப் பெயருள்ள பெரிய உணவகங்களுக்கே பொருந்தியது. மருத்துவமனை வாயிலின் பரோட்டாவும் வடையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. மறு ஆண்டு ஜூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் அவ்வரியும் மறைந்தது.

அதே காலத்தில் வேறு திசையிலிருந்து விடைகள் வந்தன. சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் திறக்கப்பட்டன. ஒரு ரூபாய் இட்லியும் மூன்று ரூபாய்த் தயிர்சாதமும் பொரித்த பண்டத்தை விலையாலேயே வென்றன. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் 2017இல் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் ‘ஹிருதயபூர்வம்’ என்ற பொதிச்சோற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் ஆக்கும் மதியச் சோற்றில் ஒரு பொதியைக் கூடுதலாக வாழையிலையில் கட்டித் தருவதே அதன் முறை. சமைத்தவர் யார் என்று உண்பவர் அறியார். உண்பவர் யார் என்று சமைத்தவரும் அறியார். யார் கை பட்ட சோறு என்று கேட்டு அடுப்பைப் பிரித்து வைத்த ஒரு நாட்டில், அந்தக் கேள்வியே எழாத வரிசை ஒன்று மருத்துவமனை வாயிலில் உருவாயிற்று. மலையிலிருந்து இறங்கி வந்து வராந்தாவில் இருப்பவரின் பசியைப் பெயர் கேட்காமல் ஆற்றும் ஏற்பாடு அது.

ஆயினும் வரலாற்று மாணவர் இதன் எல்லையையும் குறிக்க வேண்டும். பொதிச்சோறு பசியை அறியும், பத்தியத்தை அறியாது. சிறுநீரக நோயாளிக்கு ஊறுகாயின் உப்பும், நீரிழிவாளருக்குச் சோற்றின் அளவும் வெவ்வேறு பொருள் உடையவை. அதை வகுக்க உணவியல் வல்லுநரும், வகுத்ததை ஆக்கித்தர மருத்துவமனையின் சொந்தச் சமையலறையும், குத்தகை வாடகையை மட்டும் நோக்காத நிர்வாகமும் தேவை. அன்புக்கு இப்பொறுப்பைக் கைமாற்றிவிட்டு அரசு ஒதுங்க இயலாது.

ஒரு நாழி அரிசி சிறிய அளவே. திருமுக்கூடலில் அது எழுதப்பட்ட இடம்தான் பெரிது. இன்றைய மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும் ஆய்வாளர்கள் கட்டில்களின் எண்ணிக்கையையும் மருந்துச் செலவையும் குறித்துக்கொண்டபின், உணவு எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று தேடிப் பார்க்கலாம். அது சிகிச்சைச் செலவில் இருக்கிறதா, வாடகை வருவாயில் இருக்கிறதா என்பதே அந்நிறுவனம் நோயாளியை எவ்வாறு காண்கிறது என்பதைச் சொல்லிவிடும்.