தமிழா, உருதா? சேலம், நாமக்கல் முஸ்லிம்களின் தாய்மொழியும் கட்சி அரசியலும்

சேலம், நாமக்கல் பகுதிகளில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், "வீட்டில் தமிழா, உருதா?" என்ற கேள்வி இன்றும் வருகிறது. தொழுகையில் ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவரில் ஒருவர் வீட்டில் ராவுத்தர் தமிழும், இன்னொருவர் வீட்டில் தக்னி உருதும் பேசுவார்கள். நாம் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, மதரஸாவில் கிதாபுகளுக்கு உருதுவில் விளக்கம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே இரு தரப்பின் மனக்குறையும் நமக்குத் தெரியும்.

இந்தச் சமவெளி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் மைசூரோடு இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகே சேலமும் பாரமகாலும் கம்பெனியின் கைக்குப் போயின. அந்த ஆட்சிக் காலம் இங்கே உருதுவுக்கு வலு சேர்த்தது. இங்கே உருது மட்டும்தான் வேற்றுமொழி என்று நினைத்துவிட வேண்டாம். சேலத்தின் நெசவுத் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் கேட்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 88.37 சதவீதம். தெலுங்கு 5.87, கன்னடம் 1.78, உருது 1.75. முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அதாவது நம் சமுதாயத்தில் ஏறக்குறைய பத்தில் மூவர் வீட்டில் உருது; மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் தமிழ். கட்சிகள் நம்மை ஒரே வாக்கு வங்கியாகப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றன. நம் தலைவர்களும் சில நேரம் மறந்ததுண்டு.

1938-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கினார். அவரும் இந்த மண்ணுக்குரியவரே. அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். உருது பேசும் வீடுகளுக்கு இந்துஸ்தானி அந்நியமாகத் தெரியவில்லை. அதை உருது லிபியிலும் படிக்க வழி இருந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களின் நிலை வேறு. முஸ்லிம் லீக்கின் பி. கலீஃபுல்லாஹ் சட்டசபையில் எழுந்து, தாம் ஒரு ராவுத்தர், தம் தாய்மொழி தமிழ் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஒரே சமுதாயம், ஒரே கட்சி, ஆனால் மொழி விஷயத்தில் இரு பார்வைகள்! 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

1944-இல் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. 1949-இல் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் தமிழுக்காக வாதாடினார். 1967 தேர்தலில் தி.மு.க. அணியில் முஸ்லிம் லீக்கும் இருந்தது, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. மறு ஆண்டே இருமொழிக் கொள்கை வந்தது. அந்தக் கூட்டணியால் தமிழ் முஸ்லிமுக்கு அரசியலில் ஓர் இடம் கிடைத்தது என்பதே நம் கருத்து. ஆனால் உருதுப் பள்ளிகளின் கவலை அதில் பின்னுக்குப் போயிற்று.

அந்தக் கவலை 2006-இல் வெளிப்பட்டது. தி.மு.க. ஆட்சி கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டம், 2006-07 முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ் முதல் பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி. உருது, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவை விருப்பப் பாடமாயின. அந்த முதல் அணி 2016-இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தபோது விவகாரம் நீதிமன்றம் ஏறியது. போதிய தமிழாசிரியர்களை நியமிக்காமல் தேர்வு மட்டும் வைக்கலாமா என்பது மொழிச் சிறுபான்மையினரின் வாதம். விலக்குகள் தொடர்ந்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஓராண்டு விலக்கு தந்தது.

தமிழ்நாட்டில் பிழைக்கும் பிள்ளை தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பது நல்லதல்ல. உருதுக் குடும்பங்களிடம் இதை நாம் தயங்காமல் சொல்கிறோம். அதே நேரம் தாய்மொழியை விருப்பப் பாடமாக ஒதுக்கிவிட்டால் பிள்ளைக்கு அதில் நாட்டம் குறையும் என்பதும் உண்மை.

அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு மதச் சிறுபான்மைக்கும் மொழிச் சிறுபான்மைக்கும் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தருகிறது. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 350-ஏ. மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநில அளவில் பார்க்க வேண்டும் என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சேலத்து உருது முஸ்லிம் இரு வகையிலும் சிறுபான்மை, ராவுத்தர் மத வகையில் மட்டும். அதே ராவுத்தர் பெங்களூரில் குடியேறினால் அவரும் இரு வகையிலும் சிறுபான்மை ஆகிறார்.

இலங்கையில் 1956-இன் சிங்களம் மட்டும் சட்டம், தமிழ் பேசும் முஸ்லிம்களையும் பாதித்தது. ஆனால் மொழியால் ஒன்றுபட்டவர்கள் அரசியலில் ஒன்றுபடவில்லை. 1981-இல் எம்.எச்.எம். அஷ்ரஃப் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. தாய்மொழிக் கேள்வி வரும்போது கவனம் வேண்டும். குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே கணக்கெடுப்பில் தாய்மொழி. முஸ்லிம் என்பதற்காகத் தமிழ் வீட்டார் உருது என்று சொல்ல வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்குக் கூசி உருது வீட்டார் தமிழ் என்றும் சொல்ல வேண்டாம். உருதுத் தாயும் தமிழ்த் தந்தையும் உள்ள வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிப் பதில் இருக்கும். அதற்குப் பிறகு, தெரிந்த பிற மொழிகளையும் மறக்காமல் சொல்லுங்கள்.