'லைன்'ல இருக்கீங்களா? ஒரே வார்த்தைதான்... அர்த்தம் எத்தனை பாருங்க!

கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. "அண்ணன் லைனுக்குப் போயிருக்காருங்க", "போன் லைன் கெடைக்கலீங்க", "லைன்ல வாங்கக்கா" என்று ஒரே வார்த்தை ஆளுக்கொரு அர்த்தத்தில் காதில் விழும். நாம் யாருமே குழம்புவதில்லை. அதுதான் ஆச்சர்யம்!

நூலில் பிறந்த சொல்

'லைன்' என்ற சொல்லின் வேர், லத்தீன் மொழியின் 'லினியா'. ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல் என்று பொருள். லினன் சட்டை, ஜாக்கெட்டுக்குத் தைக்கும் லைனிங் துணி எல்லாமே இதன் சொந்தக்காரர்கள்தான். நூலுக்குப் பேர்போன கோவைக்காரர்களின் வாயில் இது ஒட்டிக்கொண்டதில் வியப்பென்ன?

நம்ம ஊர் 'லைன்'கள்

* லைன் வீடு: ஒரே சுவரைப் பங்கு போட்டு வரிசையாக நிற்கும் வாடகை வீடுகள். பல இடங்களில் தண்ணிக் குழாயும் பொதுதான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதே சொல்தான் 'லயம்', 'லயன்' ஆனது.

* லைனுக்குப் போறது: கடை கடையாகச் சரக்கு போடுவது. ஃபைனான்ஸ்காரர் சொன்னால், வசூலுக்குப் போகிறார் என்று அர்த்தம்.

* எந்த லைன்ல இருக்கீங்க?: என்ன தொழில் என்று மரியாதையாக விசாரிப்பது.

* லைன் போடுறது: இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனா, எதிரில் இருப்பவருக்குப் பிடிக்கலைன்னா அது லைன் இல்லை, தொல்லை!

உயிர் காக்கும் 'லைன் கிளியர்'

போத்தனூர் - பொள்ளாச்சி ரயில் பாதை 1915-ல் வந்தது. அகலப் பாதையாக மாறி, 2017-ல் மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. கிணத்துக்கடவு ஸ்டேஷன் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. ரயில்வேயில் 'லைன் கிளியர்' என்றால், அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி, ரயில் வரலாம் என்று அர்த்தம்.

மின்வாரியத்திலும் 'லைன் கிளியர்' உண்டு. ஆனால், அர்த்தம் நேரெதிர். கரண்ட் நிறுத்தியாச்சு, இனி வராது, ஆள் கம்பத்தில் ஏறலாம் என்பதற்கான அனுமதி அது. அங்கே ரயில் வரலாம். இங்கே கரண்ட் வரவே கூடாது!

இதில் நமக்கும் பங்கு இருக்கு. கரண்ட் போனதும் தோட்டத்திலோ கடையிலோ ஜெனரேட்டர் போடுகிறீர்களா? சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் நேரடியாகக் கொடுத்தால், அந்த மின்சாரம் திரும்பி லைனில் ஏறும். 'கரண்ட் இல்லை' என்று நம்பி மேலே இருக்கும் லைன்மேனின் உயிரே போகலாம். அதனால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். அதையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும்.

காத்து மழையில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாதீங்க, யாரையும் போகவும் விடாதீங்க. மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்க. இந்த நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க.

அடுத்த முறை "கரண்ட் எப்பங்க வரும்?" என்று கேட்கும் முன், மேலே லைனில் ஒருத்தர் இருக்கலாம்னு ஒரு நொடி நினைச்சுக்குங்க.

சரி, உங்க ஊர்ல 'லைன்'னா என்னங்க?